மஞ்சப் புள்ளி போட்ட பாலாமை தனி இனமா? டிஎன்ஏ எவ்ளோ தூரம் சொல்லும்?

கேள்வி: காவேரிப்பட்டணம் வாசகர், 16 ஜூன் 2024

மழை பேஞ்சு விட்டதும் எங்க ஊர் ஏரிக்கரையில ரெண்டு பாலாமை பார்த்தோம். ஒண்ணு எப்பவும் பாக்குற மாதிரி பாசி கலர். இன்னொண்ணுக்கு முதுகு, தலை எல்லாம் மஞ்சப் புள்ளி. இது ரெண்டும் வேற வேற இனம்னு நான் சொல்றேன், கூட வந்தவன் ஒத்துக்க மாட்டேங்குறான். டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா ஒரே நாள்ல முடிவு தெரிஞ்சிடும்ல?

16 ஜூன் 2024, ராத்திரி

புள்ளிய வச்சு இனம் பிரிக்காதீங்க. நீங்க பார்த்தது ரெண்டும் லிஸ்ஸெமிஸ் பங்க்டாட்டாதான் (பாலாமையோட அறிவியல் பேரு), பின்னங்கால உள்ள இழுத்ததும் மேல மூடி மாதிரி தோல் மடிப்பு வந்து மூடிக்கும் பாருங்க, அந்த வகை. தெற்க இருக்குறதுக்குப் புள்ளி இருக்காது. சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா பக்கம் இருக்குறதுக்குத்தான் மஞ்சப் புள்ளி, அதுக்கு ஆண்டர்சோனின்னு துணை இனப் பேரு. அப்ப காவேரிப்பட்டணம் ஏரிக்கு அது எப்படி வந்துச்சுங்குறதுதான் எனக்குப் பெரிய கேள்வி. தானா நடந்து வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. யாரோ கொண்டாந்து விட்டிருக்கணும்.

போட்டோ தெளிவா இருந்தா போடுங்க. கையில எடுத்து போஸ் குடுக்க வேணாம், பாலாமை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல ஷெட்யூல் 1 உயிரினம். பிடிச்சாலோ வச்சிருந்தாலோ வித்தாலோ 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில்.

17 ஜூன் 2024

டிஎன்ஏ விஷயத்துக்கு வரேன். நான் எம்.எஸ்சி. முடிச்சிட்டு கொஞ்ச காலம் ஒரு லேப்ல மீன் சாம்பிள் ஓட்டிட்டு இருந்தவன், டிஎன்ஏ துண்டை நகல் எடுத்துப் பெருக்குற பிசிஆர் மெஷின் முன்னாடி உக்காந்து பழக்கம், அதனால இதுல எது சுலபம் எது கஷ்டம்னு சொல்ல முடியும்.

"ஒரே நாள்" நடக்காது. சாம்பிள்ல இருந்து டிஎன்ஏ பிரிக்க ஒரு நாள், பிசிஆர் போட்டு ஜெல்லுல ஓட்டிப் பாக்க ஒரு நாள், டிஎன்ஏ எழுத்துகளை வரிசையா படிக்குற சீக்வென்சிங்குக்கு அனுப்பி வரதுக்கு அதுக்கு மேல. ஆனா நேரம் பிரச்சினையே இல்ல. வந்த எழுத்துகளை எதோட வச்சு ஒப்பிடப் போறோம்ங்குறதுதான் பிரச்சினை. நம்ம ஆமையோட சீக்வென்ஸ் கைக்கு வந்தாலும், பக்கத்து ஆறு, அடுத்த மாநிலம், வடக்க, இலங்கை, பர்மான்னு எல்லா இடத்து ஆமையோட சீக்வென்ஸும் இருந்தாத்தான் கோடு எங்க விழுதுன்னு சொல்ல முடியும். ஒத்த ஆமைய டெஸ்ட் பண்ணி இனம் பிரிக்கவே முடியாது.

2011-ல பிரஷாக், ஃப்ரிட்ஸ் குழு இந்த லிஸ்ஸெமிஸ் பேரினம் மொத்தத்தையும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ (செல்லுக்குச் சக்தி குடுக்குற சின்ன உறுப்புக்குள்ள இருக்குற தனி டிஎன்ஏ) வச்சு அலசினாங்க. அதுல வந்த முடிவு எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்தான். இலங்கை பாலாமைக்கும் தமிழ்நாட்டு பாலாமைக்கும் கண்ணால பாத்தா வித்தியாசம் தெரியாது, ரெண்டுக்கும் புள்ளி கிடையாது, ரொம்ப வருஷமா ஒரே துணை இனம்னுதான் சேர்த்து வச்சிருந்தாங்க. டிஎன்ஏல பாத்தா இலங்கையது தனி இனம், செய்லோனென்சிஸ். ஆனா பாக்கவே வேற மாதிரி இருக்குற வடநாட்டுப் புள்ளி ஆமை பங்க்டாட்டாவுக்குள்ளயே துணை இனமா நின்னுடுச்சு. ஒண்ணு போல இருக்குறது தனி, வேற மாதிரி இருக்குறது சொந்தம்! உங்க ஏரி கேள்விக்குப் பாதிப் பதில் இதுலயே இருக்குங்க.

17 ஜூன் 2024, கொஞ்ச நேரம் கழிச்சு

கலர் பத்தி இன்னொண்ணு விட்டுட்டேன். 2020-ல ஒடிசா பாலசோர்ல முழு மஞ்சள்ல ஒரு ஆமை கிடைச்சுதுன்னு வாட்ஸ்அப் பூரா சுத்துச்சே, அப்புறம் மேற்கு வங்கத்துலயும் ஒண்ணு. ரெண்டும் இதே பாலாமைதான். நிறமி இல்லாமப் பொறந்த குட்டி, அவ்ளோதான். புது இனம் கிடையாது.

23 ஜூன் 2024

"அதென்ன மைட்டோகாண்ட்ரியா, முழு டிஎன்ஏவே பாத்துட வேண்டியதுதானே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி.

ஒரு செல்லுல நியூக்ளியஸ் டிஎன்ஏ ரெண்டு நகல்தான் இருக்கும், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூத்துக்கணக்குல ஆயிரக்கணக்குல இருக்கும். அதனால பழசாப் போன ஓட்டுத்துண்டு, மியூசியத்துல காஞ்சு கெடக்குற தோலு, இதுல இருந்தெல்லாம் கூட எடுத்துட முடியும். சைட்டோக்ரோம் பி-னு ஒரு ஜீன், கிட்டத்தட்ட 1,140 எழுத்து, ஆமை ஆராய்ச்சி நிறைய அதை வச்சுத்தான் நடந்திருக்கு. செலவும் கம்மி.

ஆனா அதுல ஒரு பெரிய ஓட்டை. இனிஷியல் அப்பாகிட்ட இருந்து மட்டும் வர மாதிரி இது அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும். அப்பா ஆமை யாருன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு இனம் கலந்து குட்டி போட்டா மைட்டோகாண்ட்ரியா அம்மாவோட இனத்தை மட்டும்தான் காட்டும், குட்டி கலப்புங்குறதே வெளிய வராது.

இதுக்கு சீனாவுல நடந்ததைச் சொல்லணும். 1980, 90-கள்ல ஆமை வியாபாரிங்ககிட்ட இருந்து வாங்கின ஆமைகளை வச்சு வரிசையா புது இனம்னு பேர் வச்சாங்க. 1991-ல மௌரெமிஸ் ஐவர்சோனி, இன்னும் சிலது. காட்டுல போய்த் தேடினா ஐவர்சோனி மாதிரி சிலது கிடைக்கவே இல்ல. அப்புறம் 2001-ல பார்ஹாம் குழு மைட்டோகாண்ட்ரியாவும் பாத்தாங்க, ரெண்டு பெற்றோர்கிட்ட இருந்தும் வர புரதங்களையும் பாத்தாங்க. ஐவர்சோனி இனமே இல்ல, மௌரெமிஸ் மியூட்டிகாவும் கூரா ட்ரைஃபேசியாட்டாவும் கலந்து பொறந்தது. பேரினமே வேற வேற, அப்பவும் கலந்திருக்கு. மைட்டோகாண்ட்ரியா மட்டும் பாத்திருந்தா பாதிக் கதைதான் கிடைச்சிருக்கும். இடம் எதுன்னு தெரியாம சந்தையில வாங்கின ஆமைய வச்சு இனம் எழுதினா இப்படித்தான் ஆகும்.

24 ஜூன் 2024

நேத்து எழுதினதோட இதையும் சேர்த்துப் படிங்க. நியூமட்னு ஒரு தொல்லை இருக்கு. மைட்டோகாண்ட்ரியாவுல இருக்குற துண்டு பரிணாமத்துல எப்பவோ நியூக்ளியஸ் டிஎன்ஏக்குள்ள நகல் ஆகி உக்காந்திருக்கும். பிசிஆர்ல எந்தத் துண்டை நகல் எடுக்கணும்னு அடையாளம் காட்டுற நம்ம ப்ரைமர் போய் அதைப் பிடிச்சிட்டு வந்துடும். ஜெல்லுல பாத்தா பேண்டு அழகா ஒரே இடத்துல நிக்கும், சந்தேகமே வராது. சீக்வென்ஸ் வந்ததும் புரதமா மாத்திப் பாத்தா நடுவுல நிறுத்தக் குறி வந்து நிக்கும். வேலை செய்யுற ஜீன்ல அது வரவே கூடாது. கூரா ஆமைகள்ல இதை 2007-லயே ஸ்பிங்க்ஸ், ஷாஃபர் ரெண்டு பேரும் விரிவா காட்டியிருக்காங்க. நான் மீன்ல ஓட்டினப்பவும் எங்க சார் முதல்ல "ட்ரான்ஸ்லேட் பண்ணிப் பாத்தியாப்பா"ன்னுதான் கேப்பார், அதுக்கு அப்புறம்தான் மத்த பேச்செல்லாம்.

30 ஜூன் 2024

"எத்தனை சதவீதம் வித்தியாசம் இருந்தா தனி இனம்?"

சதவீதக் கணக்கே ஆமைக்கு ஆகாது. ஆமையோட மைட்டோகாண்ட்ரியா பாலூட்டிகளை விட ரொம்ப மெதுவா மாறுதுன்னு 1992-லயே அவிஸ் குழு எழுதிட்டாங்க. எலிக்கோ பறவைக்கோ போட்ட அளவுகோலை ஆமைக்கு வச்சா நிஜமாவே பிரிஞ்ச இனத்தைக் கூட ஒண்ணுன்னு சொல்லிடுவோம். நான் நம்புறது இதைத்தான்: மைட்டோகாண்ட்ரியா ஒரு பக்கம், நியூக்ளியஸ் ஜீன் நாலஞ்சு ஒரு பக்கம், ஓடு, தலை, அடிவயித்துத் தட்டு அளவு ஒரு பக்கம், எந்த ஆத்துல எடுத்ததுங்குறது ஒரு பக்கம். எல்லாம் ஒரே கோட்டைக் காட்டினா அது இனம். ஒண்ணு மட்டும் காட்டினா பொறுத்திருந்து பாக்கணும்.

14 ஜூலை 2024

இதெல்லாம் பேர் வைக்குற வேலைதானே, இதனால ஆமைக்கு என்ன லாபம்னு ஒரு தம்பி கொஞ்சம் கோவமாவே எழுதியிருக்கார். லாபம் இருக்கு தம்பி. மூணு கதை சொல்றேன்.

வங்கதேசம் சிட்டகாங்ல பயாசித் போஸ்தாமி தர்கா குளத்துல கருப்பு மெத்தோட்டு ஆமைங்க இருக்கு. உலகத்துலயே அங்க மட்டும்தான் இருக்குன்னு நினைச்சு 2002-ல காட்டுல அழிஞ்ச இனம்னு உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் எழுதிடுச்சு. 2007-ல பிரஷாக் குழு அஸ்ஸாம்ல எடுத்த சாம்பிளோட சைட்டோக்ரோம் பி பாத்தாங்க. கவுகாத்தி காமாக்யா கோயில் குளத்துலயும் அதே இனம், வெளியில காட்டுலயும் அதே இனம்! அழிஞ்சதுன்னு எழுதி வச்ச உயிரு ஆத்துல நீந்திட்டு இருந்திருக்கு, பக்கத்து இனம்னு நினைச்சு யாரும் கவனிக்கல. அதே ஆராய்ச்சியிலதான் அஸ்பிடெரீட்டிஸ்ங்குற பேரினமும் போய் எல்லாம் நில்சோனியாவுக்குள்ள சேந்துச்சு.

ரெண்டாவது, பட்டாகுர் பாஸ்காங்குற ஆத்து ஆமை. சுந்தரவனத்துல இருந்து மலேசியா வரைக்கும் ஒரே இனம்னு இருந்துச்சு. டிஎன்ஏ பாத்ததும் தெற்கு ஆமை அஃபினிஸ்னு தனியா போயிடுச்சு. அப்ப பாஸ்கான்னு மிச்சம் நின்னது ரொம்பக் கொஞ்சம்னு தெரிஞ்சு, இந்தியா, வங்கதேசம், வியன்னான்னு மூணு இடத்துல அடைகாக்க வச்சு வளக்க ஆரம்பிச்சாங்க. ஒரே இனம்னு விட்டிருந்தா மலேசிய ஆமைய வங்கத்துல கொண்டாந்து விட்டுட்டு வேலை முடிஞ்சுதுன்னு போயிருப்பாங்க.

மூணாவது நம்ம ஊர்க் கதை, அதைத் தனியா எழுதுறேன், கரண்ட் போகப் போகுது.

4 ஆகஸ்ட் 2024

ஒகேனக்கல்ல தண்ணி இன்னும் குறையல, பரிசல் ஓடல, மேட்டூர் போன வாரமே 120 அடி தொட்டுடுச்சு. இந்த நேரத்துல எழுதுறது பொருத்தமாத்தான் இருக்கு.

நம்ம காவிரியில லெய்த் மெத்தோட்டு ஆமை இருக்கு, நில்சோனியா லெய்தி. தீபகற்ப இந்தியாவுல மட்டும்தான் உண்டு. குட்டியா இருக்கும்போது முதுகுல கண்ணு வரைஞ்ச மாதிரி நாலு, ஆறு வட்டம் இருக்கும், வளர வளர மங்கிப் போயிடும். 2022 நவம்பர்ல கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டமும் சேத்து 686 சதுர கிலோமீட்டருக்கு காவேரி தெற்கு வன உயிரின சரணாலயம் அறிவிச்சாங்களே, அந்த அறிவிப்புலயே இந்த ஆமை பேர் இருக்கு. அதே மாசம் பனாமாவுல நடந்த சைட்டிஸ் (வன உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற உலக ஒப்பந்தம்) மாநாட்டுல இந்தியா கேட்டு இதை முதல் பட்டியலுக்கு ஏத்தினாங்க. உலக வியாபாரமே செய்யக் கூடாது.

இப்ப யோசிங்க. லெய்தி கோதாவரியிலயும் இருக்கு, கிருஷ்ணாவுலயும் இருக்கு, காவிரியிலயும் இருக்கு. மூணும் தனித்தனி ஆறு. பாலாமை மாதிரி மழைக்கு ஏரி விட்டு ஏரி நடக்குற ஆமை இல்ல இது, பெரிய ஆத்துல மடுவுல கெடக்குறது. எவ்ளோ காலமா மூணு ஆத்து ஆமையும் பாத்துக்கல? ஒவ்வொரு ஆத்துலயும் தனி வம்சம் இருந்தா, காவிரியில அழிஞ்சா கோதாவரியில இருந்து கொண்டாந்து விடுறது சரியா தப்பா? இதைச் சொல்ல டிஎன்ஏ ஒண்ணுதான் வழி. அதனாலதான் எனக்கு இதுல இவ்ளோ அக்கறை.

5 ஆகஸ்ட் 2024

பரிசல் ஓட்டுற ஒரு அண்ணன் சொன்னது: சின்ன வயசுல பாறை மேல வெயில் காய மெத்தோட்டு ஆமைங்க வரிசையா கெடக்குமாம், இப்ப எப்பவாச்சும் மூக்கு மட்டும் தெரியுதாம். மூலத்துக்கு மருந்துன்னு சொல்லி சாப்பிட்டே தீர்த்துட்டாங்கன்னார். எந்த மருந்தும் கிடையாதுங்க அதுல.

18 ஆகஸ்ட் 2024

அனுமதி வாங்கி சாம்பிள் எடுக்க வந்த ஒரு ஆராய்ச்சி மாணவி கூட ஏரிக்கு வழிகாட்டப் போயிருந்தேன். எப்படி எடுக்குறாங்கன்னு நிறைய பேர் கேட்டதால எழுதுறேன்.

ஆமைய ஈரச் சாக்கு மேல வச்சாங்க. கைய வச்சதுமே தலை உள்ள போச்சு, முன்பக்கம் ஓடு மேலயும் கீழயும் ஒட்டிக்கிச்சு, பின்னாடி அந்த ரெண்டு தோல் மடிப்பும் கால் மேல வந்து ஒட்டிக்கிச்சு, விரல் நுழையக் கூட இடமில்ல. அந்தப் பொண்ணு அவசரப்படவே இல்ல. நிழல்ல வச்சுட்டுப் பேசாம உக்காந்துட்டாங்க. கொஞ்ச நேரத்துல மூக்கு முதல்ல வந்துச்சு, ட்யூப் மாதிரி மூக்கு, அப்புறம் கழுத்து நீண்டுச்சு பாருங்க, இவ்ளோ நீளமான கழுத்து இத்தனை நேரம் எங்க இருந்துச்சுன்னு தோணும். கடிக்க வாயைத் தொறந்தப்ப பஞ்சு குச்சிய கன்னத்து உள்பக்கம் ஒரு தடவை உருட்டி எடுத்துட்டாங்க. ரத்தம் இல்ல, வெட்டு இல்ல. குச்சிய ஆல்கஹால் குப்பியில போட்டு மூடி, ஆமைய எடுத்த எடத்துலயே தண்ணியில விட்டாங்க.

குப்பி மேல என்ன எழுதுனாங்கன்னு பாத்தேன். ஏரி பேர், தேதி, ஜிபிஎஸ், அதுக்குக் கீழ "தென்பெண்ணை". ஏன் ஆத்துப் பேர்னு கேட்டேன். இதே ஜில்லாவுல சின்னாறு ரெண்டு இருக்குல்ல சார், வெறும் சின்னாறுன்னு எழுதினா எதுன்னு எப்படித் தெரியும்னாங்க. நெஜந்தான! சூளகிரி சின்னாறு தென்பெண்ணைக்குப் போகுது, பஞ்சப்பள்ளி சின்னாறு ஒகேனக்கல்ல காவிரிக்குப் போகுது. சொந்த ஊர்க்காரன் நானே அதை இப்படி யோசிச்சதில்ல.

19 ஆகஸ்ட் 2024

அதுல இருந்து ராத்திரி பூரா இதே யோசனை. நம்ம ரெண்டு மாவட்டமும் ரெண்டு ஆத்து நடுவுல உக்காந்திருக்கு. ஓசூர், கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி. டேம், காவேரிப்பட்டணம், பாரூர், ஊத்தங்கரை, அரூர் பக்கம் வாணியாறு வரைக்கும் தென்பெண்ணை, அது சாத்தனூர் போய் கடலூர்ல கடல் சேருது. அஞ்செட்டி, பென்னாகரம், பாலக்கோடு பக்கம், தொப்பையாறு எல்லாம் காவிரி. நடுவுல மேட்டு நிலம், சில எடத்துல அரை நாள் நடந்தா ஒரு வடிநிலத்துல இருந்து அடுத்ததுக்குப் போயிடலாம். ஆமை இனத்துக்கு ஆறு எல்லையா இல்லையான்னு பாக்க இதை விட நல்ல இடம் எது? பாலாமை மழைக்கு வயல் தாண்டி நடக்கும், அதுக்கு இந்த மேடு ஒரு தடையே இல்லாம இருக்கலாம். லெய்திக்கு அதுவே பெரிய சுவரு. ரெண்டையும் பக்கத்துல வச்சு சாம்பிள் எடுத்தா நிலம் எப்படி இனத்தைப் பிரிக்குதுன்னு கண்ணு முன்னால தெரியும்.

22 செப்டம்பர் 2024

ஆனா இதைக் கெடுக்குறது யாருன்னா, நம்மதான்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது"ன்னு சொல்லி வளந்த ஊரு. வாசல்ல ஆமை வந்தா அடிக்கக் கூடாதுன்னு நல்ல மனசோட சாக்குல போட்டு, திரும்பி வந்துடக் கூடாதுன்னு வேணும்னே தூரமா கொண்டு போய், பைக்ல ரெண்டு மூணு ஏரி தாண்டி விட்டுட்டு வருவாங்க. என் பெரியப்பா வீட்டுலயே பாத்திருக்கேன், பாலக்கோட்டுல வந்த ஆமைய கே.ஆர்.பி. டேம்ல விட்டுட்டு வந்தாங்க. அது காவிரி ஆமை, விட்டது தென்பெண்ணையில. இதுபோக கிணத்துத் தண்ணி சுத்தமா இருக்கும்னு ஆமை வாங்கி விடுறது ஒரு பக்கம், வியாபாரத்துல பிடிபட்ட ஆமைங்களைக் கிட்ட இருக்குற ஏரியில கொட்டிட்டுப் போறது ஒரு பக்கம். வடக்க பிடிச்ச புள்ளி ஆமை இங்க வந்து சேர இப்படி ஒரு வழி போதும்.

கலந்து ரெண்டு தலைமுறை ஓடிடுச்சுன்னா பிறகு எந்த லேப்பும் எல்லைக் கோட்டைத் திருப்பி வரைஞ்சு தராது. அதனால பிடிபட்ட ஆமைய விடுறதுக்கு முன்னாடி கன்னத்துல ஒரு பஞ்சு குச்சி உருட்டி எந்த ஆத்துதுன்னு பாக்கணும், அதுவரைக்கும் தனியா வச்சிருக்கணும். செலவு அதிகம்னு சொல்லுவாங்க. ஒரு சைட்டோக்ரோம் பி சீக்வென்ஸ் பாக்குறது அவ்ளோ பெரிய செலவு இல்ல.

23 செப்டம்பர் 2024

"அப்ப வீட்டுக்கு வந்த ஆமைய என்ன பண்ண?" பக்கத்துல எந்தத் தண்ணியில இருந்து வந்துச்சோ அதே தண்ணி ஓரமா போய்விடட்டும்னு வழி விடுங்க. நாய் தொல்லை இருந்தா மட்டும் வனத்துறைக்கு சொல்லுங்க. வேற ஏரி வேணாம்.

8 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல்ல ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ன வண்டிங்க எல்லாம் ஏரித் தண்ணியில அடிச்சுட்டுப் போனதை எல்லாரும் வீடியோல பாத்திருப்பீங்க. சொந்தக்காரங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, இப்பத்தான் போய் சேறு அள்ளிப் போட்டுட்டு வந்தேன்.

அங்க ரோட்டுல, வாய்க்கால்ல, ஸ்கூல் கிரவுண்டுலன்னு பாலாமைங்க கெடந்துச்சு. இதுல ஒருத்தர் "இப்ப இயற்கையே கலந்து விட்டுடுச்சே, நாம கலந்தா மட்டும் தப்பா"ன்னு கேக்குறார். வெள்ளம் தண்ணி ஓடுற திசையில, ஒரே வடிநிலத்துக்குள்ள கலக்கும். ஊத்தங்கரை ஆமைய சாத்தனூர் பக்கம் கொண்டு போகும், கங்கைக் கரை ஆமைய இங்க கொண்டு வராது. வெள்ளத்துல ஏரி ஏரியா கலக்குறது பாலாமைக்கு ஆயிரம் ஆயிரம் வருஷமா நடக்குறது, அதோட டிஎன்ஏலயே அது பதிவாகியிருக்கும். லாரியில நடக்குறது வேற.

15 டிசம்பர் 2024

காவேரிப்பட்டணம் நண்பர் போட்டோ போட்டிருக்கார், நன்றி. தலைப் புள்ளி, முதுகுப் புள்ளி ரெண்டும் தெளிவாவே இருக்கு, வடக்கு வகைன்னுதான் எனக்குத் தோணுது. அந்த மாணவிக்கு அனுப்பிட்டேன், வனத்துறைக்கும் சொல்லச் சொல்லியிருக்காங்க.

மத்தவங்களும் படம் எடுத்தா இப்படி எடுங்க: தலைய பக்கவாட்டுல, முதுகை நேர் மேல இருந்து. அடிவயிறு பாக்க ஆமையத் திருப்பிப் போடாதீங்க. எந்த ஏரி, அதோட உபரித் தண்ணி எந்த ஆத்துக்குப் போகுதுன்னு ஒரு வரி சேத்துடுங்க. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துல இருந்து இதுவரைக்கும் ஒரு படம் கூட வரல, காவிரி பக்கம் யாராச்சும் இருக்கீங்களா?